பனமலை ஏரிக்கரை வரைக்கும்

லீலாவதி அம்மாள் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் செஞ்சியில் முந்நூறு பேராவது இருப்பார்கள். பாதிக்குமேல் புளுகு. 1964ஆம் வருஷம், தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் நின்ற கூட்டமே நூறைத் தாண்டாது. அதிலும் முக்கால்வாசிப் பேர் மெட்ராஸ்காரர்களின் கறுப்புக் கண்ணாடியையும் தோல் சட்டையையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயசு அம்மாள் ஒருத்தி, அரக்குக் கலர் நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய மிலிட்டரி வண்டியின் பின் சீட்டில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்ததைக் கவனித்தவர்கள் கொஞ்சம்தான். கவனித்தவர்கள் சிரித்தார்கள். அவளைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? கட்டின புருஷனுக்கே தெரியாது என்கிறபோது ஊரைச் சொல்லி என்ன பயன்!

புருஷன் பெயர் வாசுபூஜ்யன். செஞ்சி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் யாருடைய ஆயில் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். பயிருக்குத் தண்ணீர் பாயாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவனிடம் "நாளைக்கு வரேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்பானர்களைப் பையில் அள்ளிப் போட்டு, பி.எஸ்.ஏ. வண்டியை உதைத்துக் கிளப்பினார் என்றால் அந்தச் சத்தம் பஜார் கோடிவரை கேட்கும். சமணக் குடும்பம், ஊரில் நயினார் என்பார்கள். அவருடைய அப்பா விருஷபதாஸ் சாஸ்திரம் படித்தவர், கறாரான மனுஷர். சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அவர் எதிரில் யாராவது வாய்விட்டால் தொலைந்தார்கள். "அருகன் இன்னா கடை வச்சிருக்காரா, பேரம் பேசறதுக்கு? அவரு யாருக்கும் குடுக்கறதும் இல்ல, யார்கிட்டயும் எடுக்கறதும் இல்ல. நீ ஒண்ண விட்டா உன் வினை கழியும், அவ்ளோதான்" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவார்.

வல்லத்திலிருந்து லீலாவதி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 1940இல். அப்போது அவளுக்கு வயசு பதினாறு. கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் வாசுபூஜ்யன் அப்பாவோடு மல்லுக்கு நின்று பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்கிற வீட்டிலிருந்து பட்டாளத்துக்கு ஆள் போனால் சும்மா விடுவார்களா? "நான் துப்பாக்கி தூக்கமாட்டேன் நைனா, கடுதாசிதான் தூக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற வேலை கிடைத்தது. கிடைத்த இடம்தான் லிபியா பாலைவனம்.

மாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பாதியை சென்சார்காரன் கறுப்பு மையால் அடித்திருப்பான். மீதியில் 'நான் சுகம், நைனாவுக்கு நமஸ்காரம்' என்று இருக்கும். லீலாவதிக்கென்று ஒரு வரி இருந்ததா இல்லையா என்பது அந்த மைக்குத்தான் வெளிச்சம். 1942 மாசியோடு அதுவும் நின்றுபோயிற்று. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஆனியில், அந்தப் பக்கம் ஏதோ ஒரு கோட்டை விழுந்துவிட்டது, நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தான். விருஷபதாஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆடி மாதம் சித்தாமூர் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போன பெண்களோடு லீலாவதியும் போனாள். மற்றவர்கள் நகர்ந்த பிறகு பார்சுவநாதர் முன்னால் தனியாக நின்றாள். சமணர்களிடம் திக்விரதம் என்று ஒன்று உண்டு. நான்கு திசையிலும் இன்ன இடம்வரைதான் போவேன், அதைத் தாண்டி அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று தனக்குத்தானே எல்லை கட்டிக்கொள்வது. ஆசையைக் குறைத்துக்கொள்ள வயசானவர்கள் எடுப்பது. பதினெட்டு வயசுப் பெண் எடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. லீலாவதி எடுத்தாள். கிழக்கே சித்தாமூர், வடக்கே மேல்மலையனூர், மேற்கே ஆலம்பூண்டி, தெற்கே பனமலை ஏரிக்கரை. 'என் உயிர் உள்ளவரைக்கும் இதைத் தாண்டமாட்டேன். அவர் திரும்பி வரட்டும்.' அவர் போன தூரத்துக்கு ஈடாக நான் போகாத தூரத்தைக் கொடுக்கிறேன் என்று அந்தச் சின்னப் பெண்ணின் மனசில் ஒரு கணக்கு.

மாமனார் எதைக் கூடாது என்று நாள் தவறாமல் சொன்னாரோ அதைத்தான் செய்துவிட்டு வந்தாள். விரதத்தைக் கொண்டுபோய் வேண்டுதலோடு கலந்துவிட்டாள். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்ட சனமெல்லாம் அமாவாசைக்கு வந்து மொட்டை போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்கிறது. இவளுடையதற்கு அப்படித் தீர்த்துவிட்டுப் போக வழி கிடையாது.

அந்தக் கார்த்திகையில் கடிதம் வந்தது. 1945 முடிகிற சமயம் மனுஷரே வந்தார், கறுத்து, இளைத்து, கன்னம் ஒட்டி. வந்தவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே? எப்படிச் சொல்லுவாள்! பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார். அருகனிடம் பேரம் பேசி உங்களை வாங்கினேன் என்று அந்த வீட்டில் வாய் திறக்க முடியுமா? அவமானமாக இருந்தது. மாமனார் காலமான பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் பத்து வருஷம் ஓடிவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை.

மெட்ராஸில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது வாசுபூஜ்யன் அந்த பி.எஸ்.ஏ. வண்டியை எடுத்து வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தோல் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கித்தான் சீட் தைத்துப் போட்டார். லீலாவதி தோல்மேல் உட்காரமாட்டாள் என்பதற்காக. பின்னாலும் ஒரு சீட் பொருத்தினார். "வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றார். அவளுக்கு ஆசை இல்லாமலா? அந்தக் கித்தான் சீட்டை யாரும் இல்லாதபோது தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் ஒருதரம் ஏறிவிட்டால் இந்த மனுஷர் எங்கே நிறுத்துவார்? ஆலம்பூண்டி தாண்டித் திருவண்ணாமலை, அதைத் தாண்டி ஜவ்வாது மலை என்று போய்க்கொண்டே இருப்பார். அதனால் வல்லத்துக்குக்கூட அவள் ஏறவில்லை. தலை சுத்தும் என்றாள். பெட்ரோல் வாசனை குமட்டுது என்றாள். 1953இல் சிரவணபெளகொளாவில் மகா அபிஷேகம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வருவது, ஜில்லாவிலிருந்த சமணர்கள் எல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலை லீலாவதி வயிற்று வலி என்று சுருண்டு படுத்துவிட்டாள். அவர் தனியாகப் போய் வந்தார். அதற்குப் பிறகு கூப்பிடுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார்.

அவர் தனக்குத்தானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார். பட்டாளத்தில் நான் ஓட்டின மாதிரி வண்டி என்பதால் இவளுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. அந்த நாலு வருஷத்துக்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் பாலைவனத்தைப் பற்றி வீட்டில் வாயே திறக்கமாட்டார். எல்லாக் கதையும் பஜாரில் தேவநாதனின் மளிகைக் கடையில்தான். தேவநாதன் அவருக்குச் சிநேகிதர். அவர் தன் சம்சாரம் சாரதாவிடம் சொல்ல, சாரதா கிணற்றடியில் லீலாவதியிடம் சொல்ல, இப்படித்தான் புருஷன் பட்ட பாடெல்லாம் அவளுக்குத் தெரியவந்தது. சொந்தப் புருஷன் கதை கிணற்றடி வழியாக வருகிற கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

இதுவரைக்கும் வந்த கஷ்டம் அவளோடு போயிற்று. மகள் நீலாஞ்சனாவை வந்தவாசியில் கொடுத்த பிறகுதான் விரதம் கழுத்தை இறுக்க ஆரம்பித்தது. வந்தவாசி முப்பது மைல்கூட இல்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம். தலைப்பிரசவம் செஞ்சியில் நடந்தது. ஐந்தாம் மாதம் குழந்தையைப் பெண்ணின் தாய்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் விட வேண்டும், அது முறை. லீலாவதி பஸ் ஸ்டாண்டுவரை போனாள். குழந்தையை நாத்தனார் ருக்மணியின் கையில் கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றுவிட்டாள். "ஒடம்பு முடியலடி" என்றாள். நீலாஞ்சனா ஜன்னல் வழியாக அம்மாவையே பார்த்தாள். சம்பந்தி வீட்டில் என்ன பேச்சுக் கேட்டாளோ தெரியாது. அதற்குப் பிறகு அவள் கடிதம் நைனா பெயருக்குத்தான் வந்தது. அம்மா சுகமா என்ற ஒரு வார்த்தைகூட இருக்காது. ஐந்து மாசமாக இதே கதை. லீலாவதி ஒவ்வொரு கடிதத்தையும் அவர் படித்து வைத்த பிறகு எடுத்து, எங்கேயாவது ஒரு ஓரத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுவாள்.

இந்த நிலையில்தான் மெட்ராஸிலிருந்து அந்த மோட்டார் சைக்கிள் கிளப்காரர்கள் வந்து இறங்கினார்கள். அந்த வருஷத்து ராலியைச் செஞ்சியில் வைத்திருக்கிறார்களாம். பாறை மலை, வறண்ட காடு, கல் ரோடு. பாலைவனத்தில் ஓட்டுகிற மாதிரி இருக்கும் என்று இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்களாம். உள்ளூர்க்காரர்களும் சேரலாம். வாசுபூஜ்யனும் தேவநாதனும் பெயர் கொடுத்தார்கள். ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் உட்கார்ந்து நேரம் பார்க்கிறவர் ஒருவர். இரண்டு பேரும் கடைசிவரை சேர்ந்தே வர வேண்டும். ஒருத்தர் இறங்கினாலும் ஆட்டம் முடிந்தது. சனிக்கிழமை பிற்பகல் தேவநாதன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார்.

"நயினாரே, கோவிச்சுக்காதீங்க. சொல்லக்கூடாத எடத்துல ஒரு கட்டி. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. இந்த லட்சணத்துல நான் எப்படி வண்டியில வர்றது?"

"அடப்பாவி மனுசா, கட்டி வர்றதுக்கு வேற நாளே கெடைக்கலியா?"

"நானா அதுக்கு நாள் பாத்துக் குடுத்தேன்?"

வாசுபூஜ்யன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அவர் முகம் தொங்கிப்போனதை லீலாவதி அடுப்படியிலிருந்து பார்த்தாள். ஒரு மாசமாக அந்த வண்டியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தவர். பாலைவனத்தில் தனியாக ஓட்டினேன், ஒருதரம் நம் ஊர் மலைக்குள்ளே நாலு பேரோடு ஓட்டிப் பார்க்கணும் என்று அவர் சொன்னதாகச் சாரதா சொல்லியிருந்தாள். லீலாவதிக்கு மனசு தாங்கவில்லை.

"எது வரைக்கும் போறாங்க?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தேவநாதன்தான் சொன்னார். "எல்லாம் இங்கயேதான் தங்கச்சி. வல்லம் போயி, மேல்மலையனூர் போயி, திரும்ப செஞ்சி வந்து, பனமலை போயிட்டு வந்துர வேண்டியது. பனமலைதான் கடைசி."

"பனமலைக்கு அப்பால போவாங்களா?"

"அப்பால இன்னா இருக்குது, அங்க போறதுக்கு?"

லீலாவதி மனசுக்குள் நாலு திசையையும் ஒருதரம் சுற்றி வந்தாள். எல்லாம் உள்ளேதான் இருந்தது. "நான் வரேன்" என்றாள். வாசுபூஜ்யன் அவளை நம்பாமல் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய், துடைத்த வண்டியையே இன்னொருதரம் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ராலி என்றால் பறந்துகொண்டு போவது என்று ஊர் நினைத்திருந்தது. அப்படி இல்லை. மணிக்கு இருபத்துநாலு மைல் என்றால் இருபத்துநாலுதான். கன்ட்ரோல் என்று அங்கங்கே மேஜை போட்டு ஆள் உட்கார்ந்திருப்பார். அங்கே சீக்கிரம் போனாலும் தண்டம், தாமதமாகப் போனாலும் தண்டம். மெட்ராஸ்காரர்கள் கழுத்தில் இரண்டு ஸ்டாப் வாட்ச் மாட்டியிருந்தார்கள். வாசுபூஜ்யனின் கைக்கடிகாரம் லிபியா மணல் புகுந்து எப்போதோ நின்றுவிட்டது. அவர் வேறு வழி கண்டுபிடித்தார். லீலாவதி தினமும் பஞ்ச மந்திரம் நூற்றெட்டு சொல்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே நிதானம். சாயங்காலம் தேவநாதனின் கடைக் கடிகாரத்தின் முன்னால் அவளை நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார். இரண்டரை நிமிஷத்துக்குப் பதினைந்து. மறுபடியும் சொல்லச் சொன்னார். பதினைந்து. மூன்றாம் தரமும் பதினைந்து. தேவநாதன் கட்டியை மறந்து வாயைப் பிளந்தார்.

"இரண்டரை நிமிசம்னா ஒரு மைலு. மைல் கல்லுக்கு மைல் கல்லு பதினஞ்சு. முந்தி வந்தா முதுகுல தட்டு, பிந்திப் போனா ரெண்டு தட்டு" என்றார் வாசுபூஜ்யன்.

"மந்திரத்தைக் கொண்டுபோய் மைல் கல்லு எண்ண விட்டுட்டீங்களே, இது அடுக்குமா?" என்றாள் லீலாவதி.

"எண்ணும்போது மனசு வேற எங்கயும் போவாதுல்ல? அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டியாக விட்டார்கள். முதல் மைலில் லீலாவதிக்கு உயிர் போய் உயிர் வந்தது. சீட்டின் கம்பியைப் பிடித்த கை விரல் வெளுத்துப்போயிற்று. இரண்டாவது மைலில் கண்ணைத் திறந்தாள். அடேயப்பா! பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான் எல்லாம்; ஆனால் அவை நகர்ந்து பார்த்ததில்லை. கிருஷ்ணகிரிக் குன்று மெதுவாகத் திரும்பி ராஜகிரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்த குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வல்லத்துப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "அய்ய, யாரோ பொம்பள போவுது பாருடி!" என்று கூவினார்கள். அவள் பிறந்த ஊர். யாராவது தெரிந்தவர்களாகத்தான் இருக்கும். லீலாவதி முகத்தை மூடிக்கொள்ளவில்லை. எண்ணிக்கையையும் விடவில்லை.

வல்லம் கன்ட்ரோலில் இருந்த மெட்ராஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் எழுதிச் சீல் போடுகிற காகிதச் சீட்டைப் பார்த்தார், லீலாவதியைப் பார்த்தார். "சரியா வந்திருக்கீங்கம்மா" என்றார். மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டம் இல்லாத வெறும் தெருவில் மேஜை போட்டிருந்தார்கள். அங்கேயும் தண்டம் இல்லை. அங்கிருந்து செஞ்சிக்குத் திரும்புகிற வழி முழுக்க வெயிலில் கொதிக்கிற பாறைக் காடு. வாசுபூஜ்யன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். அவர் பாடி அவள் கேட்டதே இல்லை. முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். வேகம் குறைந்தது, பாட்டு நிற்கவில்லை. இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் தேவலையே என்று இருந்தது அவளுக்கு. பதினெட்டு வயசில் தனக்குப் போட்டுக்கொண்ட எல்லை இவ்வளவு அழகான இடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செஞ்சியில் மூன்றாவது கன்ட்ரோல். அதிலும் தண்டம் இல்லை. ஒரு தண்டம்கூட வாங்காத வண்டி முப்பத்தொன்றில் இது ஒன்றுதான் என்று செய்தி பரவிவிட்டது. தேவநாதன் கூட்டத்தில் நின்றபடியே குதித்து, குதித்ததற்காக "ஐயோ" என்றும் கத்தினார். கடைசி கன்ட்ரோல் எந்த இடம் என்று எழுதிய கவரை அங்கே கொடுத்தார்கள். வாசுபூஜ்யன் பிரித்துப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லீலாவதி கேட்கவில்லை. அடுத்த மைல் கல்லுக்குத் தயாராக விரலை மடக்கி வைத்திருந்தாள்.

பனமலை வந்தது. குன்றுமேல் தாளகிரீசுவரர் கோயில், கீழே தளும்பத் தளும்ப ஏரி. தை மாதத் தண்ணீரில் கொக்குகள். மேஜை எங்கே என்று லீலாவதி தேடினாள். கோயில் வாசலில் இல்லை. குன்றடியில் இல்லை. வண்டி நிற்காமல் ஏரிக்கரைமேல் ஏறி ஓட ஆரம்பித்தது. கரை முடிகிற இடத்தில் ரோடு கீழே இறங்கி அடுத்த ஊரைப் பார்த்துப் போகிறது. அங்கேயும் யாரும் இல்லை. அவள் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? எத்தினி ஆச்சு?"

"மேஜை எங்கங்க?"

"இன்னும் ஒரு மைலு. அடுத்த ஊரு ஆலமரத்தடி. எண்ணு லீலா, எண்ணு!"

"வண்டிய நிறுத்துங்க."

"இன்னாது?"

"நிறுத்துங்க!"

அவள் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கரை முடிகிற இடத்துக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. லீலாவதி இறங்கிவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலை சுத்துதா, தண்ணி வேணுமா என்று கேட்டார். பிறகு கோபம் வந்தது. ஒரே ஒரு மைலு, இத்தினி தூரம் வந்துட்டு இன்னாடி இது என்று கத்தினார்.

"நான் இதுக்கு அப்பால வரக்கூடாது" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. சித்தாமூர், ஆடி மாதம், நாலு திசை. சிரவணபெளகொளா அன்றைக்கு வயிற்று வலியே இல்லை என்பது. பஸ் ஸ்டாண்டில் உடம்புக்கு ஒன்றுமே இல்லை என்பது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் வண்டியை ஆஃப் பண்ணக்கூட மறந்து நின்றார். அது தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

பின்னால் வந்த ஜாவா வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்து, "என்ன சார், பஞ்சரா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. நீ போ, போ."

அவன் போனான். அடுத்தவன் போனான். வாசுபூஜ்யன் எஞ்சினை நிறுத்தினார். அவர் சாஸ்திரம் படித்தவரின் மகன். ஒரு வாக்கியத்தில் அவளை விடுவிக்க அவருக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தார்.

"லீலா, கேளு. பேரம் பேசி எடுத்த விரதம் விரதமே இல்ல. நைனா இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு. அது உன்னக் கட்டாது. ஏறு. ஒரு மைலு போயிட்டு, அப்பிடியே நாளைக்கு வந்தவாசிக்கும் போலாம்."

லீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். வந்தவாசி என்றதும் அவள் கண் நிறைந்துவிட்டது. அவர் வாயிலிருந்து இதைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! ஒரு எட்டு வைத்தால் வண்டி. ஏறினால் மகள்.

"கட்டாதுன்னா, அப்ப நீங்க திரும்பி வந்தது?" என்று கேட்டாள்.

அவர் கூட இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அந்த மணலிலேயே போனார்கள். தான் ஏன் தப்பி வந்தோம் என்று அவரும் யோசித்ததுண்டு. வண்டி நல்ல வண்டி, அதனால் வந்தேன் என்று தேவநாதனிடம் சொல்லிக்கொள்வார். அன்றைக்கு ஏரிக்கரையில் அந்தப் பேச்சு வரவில்லை.

"ஆடி மாசம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று அவளே மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலியே. அங்க ஆடி ஏது, ஆவணி ஏது? பகல்ல நெருப்பு, விடிகாலையில குளிரு. அவ்ளோதான் கணக்கு."

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கரைப் புல்லில் உட்கார்ந்தார். அவளையும் உட்காரச் சொன்னார். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். எத்தனையோ மைல் மணலுக்கு நடுவே திடீரென்று ஒரு பாறை மலை வரும் என்றார். நம் ராஜகிரி மாதிரியே கறுத்திருக்கும், அதைப் பார்த்தால் செஞ்சிக்கு வந்துவிட்ட மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும், சுற்றி வந்து பார்த்தால் ஊரும் இருக்காது, ஒரு ஈ காக்காயும் இருக்காது என்றார். அந்த மலையைச் சுற்றிச் சும்மாவே இரண்டு ரவுண்டு ஓட்டியதற்காக அதிகாரியிடம் திட்டு வாங்கினாராம். கடிதத்தில் அவளுக்கும் எழுதினாராம். அதையும் சென்சார்காரன் அடித்திருப்பான் என்றார். லீலாவதி கொண்டுவந்திருந்த புளிச்சாதத்தைப் பிரித்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஜெயிக்க வேண்டிய நேரம் அப்படிப் போயிற்று.

செஞ்சியில் நாலாவது சீல் இல்லாத சீட்டைப் பார்த்து மெட்ராஸ்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். ஊர் வருத்தப்படவில்லை, பொண்டாட்டி பயந்துட்டாளாம், பாதியிலேயே இறங்கிட்டாளாம் என்று வாரக்கணக்கில் பேசிச் சிரித்தது.

ராலி முடிந்த மறுநாள் காலை வாசுபூஜ்யன் ஒரு இன்லண்டு கடிதம் வாங்கி வந்து, எஞ்சின் கழற்றுகிற பலகைமேல் வைத்து எழுதினார். லீலாவதியிடம் நீட்டினார்.

"அன்புள்ள நீலாஞ்சனாவுக்கு நைனா எழுதுவது. குழந்தையைக் கொண்டுவந்து விட உன் அம்மா வராததற்குக் காரணம் நான். பட்டாளத்திலிருந்து நான் உயிரோடு திரும்பி வந்ததுதான் காரணம். மீதியை நேரில் அவளிடம் கேட்டுக்கொள். அவளால் உன் வீட்டுக்கு வர முடியாது. என்றைக்கும் முடியாது. நீதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்."

லீலாவதி இரண்டுதரம் படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பிடி மொட்டையா எழுதினா, பொண்ணு உங்களத் தப்பா நெனைக்கமாட்டாளா?"

"நெனைக்கட்டுமே. பஸ் ஏறி இங்க வந்து எறங்கற வரைக்கும்தானே? அவ அஞ்சு மாசமா உன்னத் தப்பா நெனச்சா. நான் இருவது வருசமா நெனச்சேன்."